கடுகு வெடிக்காத வீடு

அந்தக் காலத்தில் பல்லிகளுக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. மனிதர் பேசுவது போலவே பேசும். ஒரு வீட்டுப் பல்லி சொன்னதை அடுத்த வீட்டுப் பல்லி கேட்கும். அது ஊர்ச் சாவடிப் பல்லிக்குச் சொல்லும். சாவடியிலிருந்து கிணற்றுச் சுவருக்கு, கிணற்றுச் சுவரிலிருந்து சாலையோரப் புளியமரத்துக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு என்று, சாயங்காலம் கிளம்பிய சேதி மறுநாள் காலைக்குள் எட்டு நாள் நடைத் தொலைவைக் கடந்துவிடும்.

அதனால் வீட்டிலிருந்து ஒருவர் சாமி கும்பிட நெடுந்தூரம் நடந்து போனால் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. போனவர் எங்கே தங்குகிறாரோ அங்கே இருக்கிற பல்லியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் படுப்பார். காலையில் வீட்டுப் பல்லி அதை ஒப்பித்துவிடும். வீட்டில் எப்போதும் போல உரல் இடிபடும், அடுப்பு எரியும், தாளிதம் மணக்கும். யாத்திரை போனவருக்குத்தான் விரதம். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை.

பல்லிகளிடம் ஒரு குறை மட்டும் உண்டு. சேதியைச் சொல்லி முடித்ததும் அது பல்லியின் நாவை விட்டுப் போய்விடும். திரும்பக் கேட்டால் அதற்கே தெரியாது. அதனால் சொல்லி முடித்ததும் பல்லி, "கேட்டுச்சா?" என்று கேட்கும். "கேட்டுச்சு" என்று வீட்டார் சொன்னால்தான் சுவரில் தன் இடத்துக்குத் திரும்பிப் போகும். அந்தப் பதிலும் வந்த வழியே சேதி விட்டவரிடம் போய்ச் சேரும்.

அப்படிப்பட்ட நாளில் வறண்ட கரிசல் மண் ஊர் ஒன்றில் செங்கோடன் என்று ஒரு குடியானவன் இருந்தான். அவன் பெண்சாதி பாவாயி. கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. இரண்டு மாடு, ஒரு வண்டி, சோளக்காடு, சமையற்கட்டுச் சுவரில் ஒரு கிழட்டுப் பல்லி. இதுதான் அவர்கள் குடும்பம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் செங்கோடனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. இருபது நாள் பேச்சு மூச்சில்லை. உள்நாக்கு வரை வறண்டு போயிற்று. ஊரே கைவிட்ட பிறகு பாவாயி வடக்கே பார்த்து நின்று, எட்டு நாள் நடையில் இருக்கிற மலைச்சாமியிடம் சொன்னாள்:

"இந்த மனுஷன் எந்திரிச்சுத் தன் காலால நடந்தாப் போதும். உன் மலைக்கு நான் என் காலால நடந்து வர்றேன்."

செங்கோடன் எழுந்தான். தை பிறந்ததும் பாவாயி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஆற்றோர ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் அவளோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. செங்கோடனால் வீடு வாசல் நடமாடத்தான் முடிந்தது. அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை.

வாசலில் நின்று அவள் கேட்டாள்: "ஏனுங்க, கஞ்சி காச்சவாவது தெரியுமா உங்களுக்கு?"

"மாடு ரெண்டையும் மேய்க்கிறேன், இந்த அடுப்பை மேய்க்க மாட்டேனா?" என்றான் செங்கோடன்.

"அடுப்பு மாடு மாதிரி இல்லீங்க. கோபக்காரி. பக்கத்துலயே இருக்கோணும்" என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினாள். "போயிட்டு வர்றேனுங்க."

முதல் நாளே சோளக்களி அடிப்பிடித்துக் கருகியது. இரண்டாம் நாள் உப்பு கூடிப்போய் வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை பல்லி சுவரில் இறங்கி வந்து சொன்னது:

"செங்கோடா, உன் வீட்டுக்காரி சேதி. 'மூணு ஊரு தாண்டிட்டோம், காலு வலி இல்லை. நீங்க என்ன சாப்பிட்டீங்க? மறைக்காமச் சொல்லுங்க.' கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ராசா மாதிரி சாப்பிடறேன்னு சொல்லு."

மறுநாள் காலை பதில் வந்தது. "'ராசா எங்க சாப்பிட்டாரு, ரங்கக்கா வீட்டிலயா?'"

செங்கோடன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பக்கத்து வீட்டு ரங்கக்காதான் முதல் நாள் அவன் பட்டினி கிடப்பது பொறுக்காமல் ஒரு கும்பா கூழ் கொடுத்திருந்தாள். அது எப்படி நான்கு நாள் நடைக்கு அப்பால் இருப்பவளுக்குத் தெரிந்தது என்று பல்லியை முறைத்தான். பல்லி வாலை மட்டும் ஆட்டியது.

அன்றிலிருந்து அவள் சேதி எல்லாம் சமையல் பாடமாகவே வந்தது. களிக்கு மாவை எப்போது கொட்டுவது, தீயை எப்போது இழுப்பது, உப்பை எந்த விரலால் எடுப்பது. செங்கோடனும் படிப்படியாகக் கற்றுக்கொண்டான். பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. சுவரைப் பார்த்துக் காத்திருப்பது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. காலையில் மாட்டை அவிழ்க்கும் முன்னே சமையற்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

ஒன்பதாம் நாள் பாவாயி மலையிலிருந்து சொல்லி அனுப்பினாள். "சாமியைப் பாத்துட்டேன். உங்க பேரைச் சொல்லி முடி எறக்கிட்டேன். மொட்டைத் தலையைப் பாத்துச் சிரிக்கக் கூடாது. நாளைக்கு எறங்கறோம்."

அன்றைக்குச் செங்கோடனுக்கு ஓர் ஆசை வந்தது. அவள் படியேறும்போது வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இருக்க வேண்டும். அவளுக்கு உயிர் அது. ஆனால் பத்து வருஷமாக அவளே வைத்து, அவனுக்குப் போட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துத்தான் தின்றிருக்கிறாள். அவன் கையால் ஒரு நாள் அவள் இலையில் விழட்டும்.

"பாவாயி, தாளிக்கிறது எப்படி? சொல்லு" என்று சேதி விட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பல்லியே சொல்லும்போது சிரித்தது. "'எதுக்குன்னு கேக்க மாட்டேன், எனக்குத் தெரியும். எண்ணெய் காயோணும், பொகையக் கூடாது. கடுகு போட்டா வெடிக்கும், பயந்து ஓடாதீங்க. அது அடங்கினதும் வெந்தயம், அப்புறம் கறிவேப்பிலை. மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்குங்க.'"

அவன் தாளித்துப் பார்த்தான். ஒரு நாள் கடுகு கருகியது. ஒரு நாள் எண்ணெய் காயாமல் கடுகு ஊமையாய்க் கிடந்தது. ஒரு நாள் கையைச் சுட்டுக்கொண்டான். அவள் நாளுக்கு ஓர் ஊர் நெருங்கி வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நாள் நடைதான் பாக்கி என்ற அன்று காலை, பொழுது கிளம்பும் முன்னே எழுந்து, ரங்கக்கா தோட்டத்தில் பிஞ்சுக் கத்தரிக்காய் பறித்து வந்து, அடுப்பை மூட்டினான். புளி கொதித்தது. காய் வெந்தது. வடசட்டியை ஏற்றி நல்லெண்ணெய் ஊற்றினான். எண்ணெய் காய்ந்து நெளிந்தது. கடுகை அள்ளிப் போட்டான்.

பட படவென்று வெடித்தது. இந்த முறை சரியாக வெடித்தது! எண்ணெயும் கடுகும் அடுப்படி முழுக்கத் தெறித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே பல்லி சுவரில் இறங்கி வந்து பேச ஆரம்பித்தது.

அது சொன்னது இதுதான்: "'ஆத்து மண்டபத்துல காய்ச்சலாப் படுத்திருக்கேன். இனி என்னால நடந்து வர முடியாது. வண்டி கட்டிக்கிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இங்கயே காத்திருக்கேன்.'"

செங்கோடன் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "'ஆத்து மண்டபத்துல... நடந்து வர... காத்திரு...'"

வெந்தயம் போட வேண்டும், தப்பினால் கருகிவிடும். கறிவேப்பிலையைக் கிள்ளி எறிந்தான். அது சீறியது. புகை கண்ணை எரித்தது.

"கேட்டுச்சா?" என்றது பல்லி.

ஆற்று மண்டபம் வந்துவிட்டாள், நடந்து வருகிறாள், என்னைக் காத்திருக்கச் சொல்கிறாள் என்று அவன் மனம் அதற்குள் முடித்துவிட்டது. சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றான். தாளிதத்தைக் குழம்பில் கவிழ்த்தான். சொய்யென்று பொங்கி மணந்தது. பல்லி சுவரில் ஏறிப் போயிற்று.

அன்று முழுக்க வீட்டை மெழுகினான். வாசலுக்குச் சாணம் தெளித்தான். மறுநாள் சாயங்காலம் அவள் வர வேண்டும். இரண்டு வாழையிலை அறுத்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஊர்க்கோடி வரை பார்வை போயிற்று. ஆடுகள் வந்தன, விறகுக்கட்டோடு பெண்கள் வந்தார்கள். மஞ்சள் சேலை வரவில்லை.

"மொட்டை வெயில்ல நடக்க முடியாம எங்காச்சும் தங்கியிருப்பா. நாளைக்கு வந்துருவா தம்பி" என்றாள் ரங்கக்கா.

மறுநாளும் வரவில்லை. குழம்பைச் சூடு பண்ணி வைத்தான். பல்லியிடம் போனான்.

"பாவாயி சேதி ஏதும் உண்டா?"

"இல்லையே."

"முந்தாநாள் சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு."

"சொன்னது நாக்குல தங்காதுன்னு உனக்குத் தெரியாதா? கேட்டுச்சுன்னு நீதானே சொன்ன?"

செங்கோடன் எழுந்து வண்டியருகே போனான். வண்டி கட்டலாமா என்று நினைத்தான். ஆனால் அவள் காத்திருக்கச் சொன்னாளே. வழியில் நடந்துகொண்டிருப்பவளுக்கு எந்தச் சுவரில் சேதி விடுவது? வண்டித்தடம் ஒரு பக்கம், நடைபாதை ஒரு பக்கம். நான் அந்த வழியாகப் போய் அவள் இந்த வழியாக வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால்? இன்று ஒரு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டான். அந்த ஒரு நாளும் போயிற்று. குழம்பு புளித்து நுரைத்துவிட்டது. கொல்லையில் கொண்டுபோய் ஊற்றினான்.

அதற்கு மறுநாள் காலை, அடுப்பு மூட்டாத அந்த வீட்டில், பல்லி மெதுவாக இறங்கி வந்தது.

"செங்கோடா, இது உன் வீட்டுக்காரி சொன்ன சேதி இல்லை. ஆத்து மண்டபத்துப் பல்லி தானாக் கேக்குது. 'இங்க ஒரு பொண்ணு மூணு நாளா உன் வண்டிக்காகக் காத்துக்கிடக்கறா. காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது. வண்டி இப்ப எந்த ஊரைத் தாண்டியிருக்கு?'"

இந்த முறை ஒரு சொல்லும் தப்பவில்லை. "கேட்டுச்சா?" என்று பல்லி கேட்டு முடிக்கும் முன்னே செங்கோடன் எழுந்துவிட்டான். வாசலுக்கு ஓடினான். மாட்டைப் பூட்டினான். தெம்பில்லாத உடம்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சாட்டையே தொடாதவன் அன்று மாடுகளை அடித்தான். அடித்துவிட்டு அழுதான். அழுதுகொண்டே ஓட்டினான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஆறு தெரிந்தது. மண்டபம் தெரிந்தது. மண்டபத்து வாசலில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாவாயி தூணோரம் படுத்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அருகே போய் உட்கார்ந்து கையைத் தொட்டான். காய்ச்சல் இல்லை. ஒரு சூடும் இல்லை.

"விடியும்போது போயிட்டாங்க" என்றாள் ஆட்டுக்காரப் பெண். "கூட வந்தவங்களைப் போகச் சொல்லிட்டாங்க. அவங்க ஊரெல்லாம் ஆத்தோரமா அந்தப் பக்கம். 'என் வீட்டுக்காரர் வண்டியோட வந்துக்கிட்டு இருக்காரு, நீங்க போங்க'ன்னு சொன்னாங்களாம். என் குடிசைக்கு வாங்க, சுடுதண்ணி வெச்சுத் தர்றேன்னு நானும் எத்தனையோ கூப்பிட்டேன். வரலையே. 'மண்டபத்துல இருக்கேன்னு சொல்லியனுப்பிச்சிருக்கேன். அவரு வந்து பாத்துட்டு இல்லைன்னா பதறிப் போயிருவாரு'ன்னுட்டாங்க."

தூணின் மேலே மண்டபத்துப் பல்லி அசையாமல் இருந்தது. செங்கோடன் அதைப் பார்த்தான்.

"மறுபடி ஏன் சேதி சொல்லலை? இன்னொரு தரம் சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றான்.

"நான் சொல்லச் சொன்னேன்" என்றது பல்லி. "'கேட்டுச்சுன்னு அவரு பதில் வந்துருச்சே. அப்புறம் வீட்டுல எங்க இருக்கப் போறாரு? வழியில இருப்பாரு. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குச் சேதி?'ன்னா. காதை மட்டும் தீட்டிக்கிட்டு இருந்தா. தூரத்துல எந்த வண்டி போனாலும், 'நம்ம மாட்டு மணியான்னு பாரு'ம்பா. முந்தாநாள் சாயங்காலத்துக்கு அப்புறம் பேச்சில்லை. எனக்குத்தான் மனசு கேக்காம நானாக் கேட்டனுப்பினேன்."

"கேட்டுச்சுன்னு நான்..." என்றான் செங்கோடன். தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை போல அழுதான். ஆட்டுக்காரப் பெண் ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்து வைத்தாள். அவனும் அவளும் அவள் புருஷனுமாகப் பாவாயியை ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள்.

வீடு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. வழி நெடுகச் சேதி முன்னே போய்விட்டிருந்தது. அவன் தாண்டிய ஒவ்வோர் ஊரிலும் சுவர்கள் அடங்கிக் கிடந்தன. வீட்டுக்குள் நுழைந்தபோது சமையற்கட்டுப் பல்லி அடுப்புக்கு நேர் மேலே தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னைத் தரையில போட்டு மிதிச்சிரு" என்றது.

"உன்னை எதுக்கு?"

"சட்டி சத்தம் போடுதுன்னு எனக்கும் தெரிஞ்சுது. அடங்கினதும் சொல்லியிருக்கலாம். நாக்குல இருந்தது கனமா இருந்துச்சு, எறக்கி வெச்சாப் போதும்னு சொல்லிட்டேன்."

செங்கோடன் தரையில் உட்கார்ந்தான். தாளித்த வடசட்டி அங்கேயே கழுவாமல் கிடந்தது. அதில் கருகிய கடுகு ஒட்டியிருந்தது.

"நீ சொன்ன. நான் கேக்கலை" என்றான். "கேக்காததோட விட்டிருந்தாக்கூட நீ நின்னுருப்ப. கேட்டுச்சுன்னு சொன்னேன் பாரு. அதை நம்பித்தான் அவ மூணு நாள் அந்தக் கல்லுல கிடந்தா."

பல்லி சுவரில் இறங்கி அவன் அருகே வந்தது. பிறகு பல்லி கேட்டது: "பாதிச் சேதி ஒரு உயிரைக் குடிச்சிருச்சு. இனி எங்களுக்கு எதுக்குப் பேச்சு?" சுவருக்குச் சுவர் அந்தக் கேள்வி போயிற்று. ஊர் ஊராகப் போயிற்று. மலை மேல் இருந்த பல்லிகள் வரை போய், ஒரே பதிலாகத் திரும்பி வந்தது.

பல்லி கடைசியாகப் பேசியது அன்றுதான். "செங்கோடா, இனி வார்த்தை எடுத்துட்டு வர மாட்டோம். எதுவோ வருது, காதைக் குடுன்னு ஒத்தைச் சத்தம் மட்டும் குடுப்போம். அதுல பாதி விழுந்து பாதி தப்பறதுக்கு ஒண்ணும் இல்லை. கேட்டதும் கேட்டுச்சுன்னு வாயால சொல்ல வேண்டாம். அந்த வார்த்தையை இனி நாங்க நம்ப மாட்டோம். இருக்கிற வேலையை நிறுத்திட்டுத் தரையைத் தட்டு. கை வேலையில இல்லைன்னு எங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அடுத்த தை மாதம் ரங்கக்காவின் புருஷன் மலைக்குக் கிளம்பினார். அவர் போன மறுநாள் காலை ரங்கக்கா அடுப்பில் வடசட்டியை ஏற்றி எண்ணெய் ஊற்றினாள். செங்கோடன் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு வருஷத்தில் அவன் தாடி நரைத்துப் போயிருந்தது.

"அக்கா, அவரு வந்து சேர்ற வரைக்கும் தாளிக்க வேண்டாம்."

ரங்கக்கா அவனைப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த சட்டியைத் துணியால் பிடித்து இறக்கிக் கீழே வைத்தாள். அன்று அவள் வீட்டில் தாளிக்காத குழம்பு. உரலையும் தொடவில்லை. குழந்தைகளைக் கூச்சல் போடாமல் பார்த்துக்கொண்டாள். மலையிலிருந்து அவள் புருஷன் நல்லபடியாகத் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்த பிறகுதான் அந்த வீட்டில் கடுகு வெடித்தது. அடுத்த வருஷம் கிளம்பியவர்களின் வீடுகளுக்கும் செங்கோடன் போய்ச் சொன்னான். அவன் காலமான பிறகு ரங்கக்கா சொன்னாள். அவள் மருமகள்கள் சொன்னார்கள்.

இன்றைக்குக் கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எண்ணெய் வாடை விரதத்துக்கு ஆகாது என்பார்கள் சிலர். வீட்டில் சூடு ஏறினால் நடப்பவர் பாதம் கொப்புளிக்கும் என்பார்கள் சிலர். சாமி குற்றம் என்று சொல்லி வாயை மூடுவார்கள் சிலர். பாவாயி பெயர் யாருக்கும் தெரியாது.

அவள் அந்த மண்டபத்தில் மாட்டு மணிக்குக் காது கொடுத்துக் கிடந்து போன நாளிலிருந்துதான், மலைக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டில் தாளிப்பதில்லை. பல்லியும் அன்று முதல்தான் ஒற்றை ஒலியோடு நின்றுவிட்டது. அது ஒலித்தால், பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்தி, விரலை மடக்கித் தரையைத் தட்டுகிறார்.